தனியாகப் படிக்கும் குரல்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு பாடத்தைக் கடகடவென்று படித்தான். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. ஏற்ற இறக்கம்கூடச் சரியாக இருந்தது. விரல் வரிமேல் நகர்ந்துகொண்டே போனது. நான்காவது வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன, கண்ணு?" என்று கேட்டோம். அவன் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை. விரலைத் தூக்கி முதல் வரியில் வைத்தான். மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். வாய் ஆறாவது வரிக்குப் போய்விட்டது; விரல் இரண்டாவது வரியிலேயே நின்றது. அவனுக்கு அந்தப் பாடம் முழுக்கத் தெரியும். அதில் ஒரு சொல்லையும் படிக்கத் தெரியாது.

அவனை மக்கு என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும் பாடத்தைக் காதாலேயே பிடித்து, வரி பிசகாமல் நெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிற பிள்ளை மக்கு ஆவானா? மூன்று வருடம் அவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வந்தான். கூட்டத்தோடு சேர்ந்து வாயசைத்தான். அந்த மூன்று வருடத்தில் அவன் தனியாகப் படிக்கிற குரலை ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஆகவே, மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி மிதிக்கிறவர்களும் உப்பு வாருகிறவர்களும் சுமக்கிறவர்களும், கடலோரக் குப்பங்களின் மீனவர்களும், இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களுமாகிய நாங்கள் கூடி அறிவிக்கிறோம்:

இந்தக் கரையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள், தான் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் தானாகப் படித்து, படித்தது என்ன என்று நம்மிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவர் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்தப் பெரியவர் கையில் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் இயக்கத்தின் வேலை இது ஒன்றுதான்.

இதை எழுதும் கை என்னுடையது என்பதால் என்னைப் பற்றி நாலு வரி. என் அப்பாவும் அம்மாவும் அளத்துக்குப் போனவர்கள். விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. நானே எழுந்து, நானே தலை சீவி, பள்ளிக்குப் போன பிள்ளை. நான்காம் வகுப்பு வரை எனக்குப் படிக்க வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முன்வரிசைப் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்துச் சொல்லப் பழகியிருந்தேன். என்னைக் கண்டுபிடித்தவள் ஆசிரியை அல்ல, பக்கத்து வீட்டு அக்கா. ஒரு மழை நாளில் என்னை உட்காரவைத்து, "படி, கேக்கறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவள் கேட்டாள். அந்த ஒரு மழைக்காலத்துக்கு நான் பட்ட கடனைத்தான் இந்த இயக்கத்தில் அடைக்க வந்திருக்கிறேன்.

இந்த ஊர் புதிய ஊர் அல்ல. அரசன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதே பாட்டில் உப்பு வணிகர்களான உமணரின் வண்டி வருகிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஒரு மந்தியோடு விளையாடுகிறார்கள். அந்தக் காலத்து உப்புக்காரர் பிள்ளைகள் அந்த ஏட்டில் இன்றைக்கும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய உப்புக்காரர் பிள்ளைகள் அந்த ஏட்டைத் திறந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசை என்று நாங்கள் நினைக்கவில்லை.

இன்னொரு வரலாறும் இந்தக் கரைக்கு உண்டு. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம், வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லித்தர, உள்ளூரில் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தப் பெண்களில் பலர் பணத்துக்காக வரவில்லை என்பது அவர்களோடு பாயில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியும். ஊரடங்கில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகள் மறுபடியும் எழுத்துக்கூட்டியது அந்தப் பாய்களில்தான்.

தமிழ்நாடு முழுமைக்கும் இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட வேலை அது. திட்டங்களுக்கு ஆயுள் உண்டு. நிதி வரும், குறையும், பெயர் மாறும். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அரசாணை வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை ஊர் வழக்கமாக்கவே நாங்கள் கூடியிருக்கிறோம்.

நிலைமையைப் பூசி மெழுக வேண்டாம். 2022ஆம் ஆண்டின் ஏசர் கிராமப்புற ஆய்வின்படி, தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர். கொரோனாவுக்கு முன்னால், 2018இல், நூற்றுக்குப் பத்துப் பேர். நோய் வந்து பாதியாக்கியது உண்மை. நோய் வருவதற்கு முன்பே பத்துதான் இருந்தது என்பதும் உண்மை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருகிறது; 2024 ஆய்வில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஏறியதை மதிக்கிறோம். ஆனால் ஜூன் மாதம் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஏப்ரல் மாதமும் அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயரால் என்ன பயன்?

அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல்தண்ணீரை வாங்கிய உடனே யாரும் பாத்தியில் விடுவதில்லை. வெயிலில் வற்றவிட்டு, நாளுக்கு நாள் உப்புச் செறிவின் டிகிரி பார்த்து, 24, 25 டிகிரிக்கு வந்த பிறகே உப்புப் பாத்திக்குத் திறக்கிறோம். பருவக் கடைசியில் ஒரே ஒரு நாள் டிகிரி பார்த்துவிட்டு "இந்த வருடம் உப்பு இறங்கவில்லை" என்று சொல்லும் மேஸ்திரி இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் காலாண்டு, அரையாண்டு, முழுவாண்டு என்று மூன்று முறை பார்த்தால் போதும் என்று எப்படி ஒப்புக்கொண்டோம்?

இனி, எப்படிச் சொல்லித்தரப் போகிறோம் என்பது. இதில் சற்று விரிவாகவே பேச வேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் முதல் சொல் உப்பு. ஊர்ப்பாசத்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. உப்பு என்பதை எழுதிப் பாருங்கள்: உ, ப், பு. மூன்றே எழுத்து. ஒன்று உயிர், ஒன்று மெய், ஒன்று உயிர்மெய். தமிழ் எழுத்தின் மூன்று குடும்பமும் ஒரு சிட்டிகைச் சொல்லில் இருக்கிறது. ப் என்பதோடு உ சேர்ந்தால் பு ஆகிறது என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே கண்டுபிடிக்கலாம். உதட்டை மூடச் சொல்லுங்கள், பிறகு உ சொல்லச் சொல்லுங்கள், பு வந்துவிடும். அந்தப் 'ப்பு' கைக்கு வந்துவிட்டால் பருப்பு, அடுப்பு, செருப்பு, நெருப்பு, உடுப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரே வாரத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டுச் சமையலறையைப் படித்துவிடும். அம்மா, அப்பா என்ற சொற்களிலும் இதே மூன்று குடும்பமும் உண்டு. இரண்டாம் வாரத்தில் அவை.

எழுத்தின் பெயரைச் சொல்லித்தருவதற்கு முன்னால் எழுத்தின் ஓசையைச் சொல்லித்தருவோம். "பானா, டானா, இம்மு" என்று எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் படம் வராது. ப, ட, ம் என்று சொன்னால் வந்துவிடும். சின்ன விஷயம்போலத் தெரிகிறது. இதில் ஒரு வருடம் தொலைத்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தமிழில் 247 எழுத்து என்று முதல் நாளே பயமுறுத்த வேண்டாம். பிள்ளைகள் பழக வேண்டியது உயிரும் மெய்யும் சில குறிகளும், மற்றதெல்லாம் சேர்க்கை. ஆனால் அந்தச் சேர்க்கையில் சில முடிச்சுகள் உண்டு. அவற்றை முடிச்சு என்று ஒப்புக்கொண்டு நிதானமாக அவிழ்க்க வேண்டும். கெ, கே, கை மூன்றிலும் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு அல்லது சங்கிலிக் கொம்பு. வாயில் முதலில் வருவதோ க். கண் ஒரு வரிசையில் போகிறது, வாய் இன்னொரு வரிசையில் போகிறது. கொக்கு என்ற சொல்லில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, க நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் 'கெ' என்று பாதியில் நிறுத்திப் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தது குறைவு என்று அர்த்தமில்லை. கண்ட வரிசையிலேயே நேர்மையாகப் படித்திருக்கிறது. கு, சு, டு, மு, ரு என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதற்கு விதி சொல்லிப் பயனில்லை, பழக்கந்தான். ஒரே க, கல்லில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் ஒலிக்கும். ரெண்டு சுழி, மூணு சுழி குழப்பம் எல்லோருக்கும் தெரிந்தது. கன்னட எழுத்தைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த சோனாலி நாக், நம் நாட்டு எழுத்துமுறைகளை முழுதாகப் பிடிக்க மூன்று, நான்கு வருடம்கூட ஆகிறது என்று காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்து வகுத்த கால அட்டவணையை நம் பிள்ளைகள்மேல் ஏற்றுவது அநியாயம்.

அடுத்து, பேச்சுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம். எங்கள் பிள்ளை "அம்மா அளத்துக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும். புத்தகத்தில் "சென்றுள்ளனர்" என்று இருக்கும். எழுத்தையும் புதிதாகப் படித்து, சொல்லையும் புதிதாகப் படிப்பது ஏழு வயதுக்கு இரட்டைச் சுமை. ஆகவே முதல் ஆறு மாதம் எங்கள் பிள்ளைகள் படிக்கப்போவது அவர்களே சொல்லி நாங்கள் எழுதிய வரிகள். ஒரு பிள்ளை சொல்லும், நாங்கள் அது சொன்னபடியே பெரிய எழுத்தில் அட்டையில் எழுதுவோம். மறுநாள் அது தன் வரியைத் தானே படிக்கும். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதன் பொருளைத் தேட வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் தேடினால் போதும். நியூசிலாந்தில் மவோரி பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இப்படித்தான் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் மனதுக்கு நெருக்கமான சொல்லைக் கேட்டு வாங்கி, அதையே முதல் பாடமாக்கினார். பக்கத்திலேயே திண்டிவனம் ரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய தாய்த்தமிழ்ப் பள்ளி, எளிய வீட்டுப் பிள்ளைகள் தாய்மொழியில் தலை நிமிர்ந்து படிக்கலாம் என்பதைக் காட்டியது. புத்தகத் தமிழை நாங்கள் ஒதுக்கவில்லை. "போயிருக்காங்க" என்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் "சென்றுள்ளனர்" என்பதைக் காட்டுவது ஒரு மாலை வேலை. தலைகீழாகச் செய்தால் மூன்று வருடமும் போதவில்லை.

யார் கேட்பது? எங்களைப் பார்த்து அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "எங்களுக்கே படிக்கத் தெரியாதே, நாங்க என்னத்தைக் கேக்கறது?" என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரியும். பிள்ளை தப்பாகப் படித்தால் அது தமிழாக இருக்காது. அம்மாவின் காது உடனே சொல்லிவிடும். ஒரு வீட்டுத் திண்ணையில் நாங்கள் பார்த்தது இது. இரண்டாம் வகுப்புப் பெண் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கெடைக்குப் போனார்" என்று படித்தாள். மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "கெடைக்கு எதுக்குடி போறாரு உங்கப்பா? ஆடா வச்சிருக்கோம்? நல்லாப் பாரு." பெண் மறுபடி பார்த்தாள். விரலை அந்தச் சொல்லின் முதல் எழுத்தின்மேல் வைத்தாள். அதன் முன்னால் ஒற்றைக் கொம்பு இல்லை, சங்கிலியும் இல்லை. கொம்பே இல்லை, வெறும் க. "கடைக்கு" என்றாள். அம்மா, "ஆங்" என்று மறுபடி மீன் பக்கம் திரும்பினாள். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பாடத்தைத் திருத்தியவள் அவள்தான்.

பொருள் தெரிந்து கேட்கிற ஒரு காது இருந்தால் பிள்ளை தன் பிழையைத் தானே தேடிப் பிடிக்கும். அதனால் கேட்பவர்களுக்கு நாங்கள் படிப்புத் தகுதி வைக்கவில்லை. ஆயாவும் தாத்தாவும் வலை பின்னுகிற மாமாவும் கேட்கலாம். கேட்கும்போது வலையைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த அம்மாவையும் மீனைச் சற்று நேரம் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கேட்கலாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கம். 1790களில் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தரும் முறையோடு அதைச் சேர்த்துக்கொண்டு, 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மணல் இன்னும் இங்கேதான் இருக்கிறது. சிலேட்டு இல்லை என்று எந்தக் குப்பத்திலும் வேலை நிற்காது.

எப்போது கேட்பது? வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் தண்ணீரில் மூழ்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை இல்லை. அந்த மூன்று மாதத்துக்காக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. போதாது, ஆனாலும் வருகிறது. வருமானம் இல்லாத அந்த மூன்று மாதம் எங்கள் வீடுகளில் வேறொன்று இருக்கிறது: விடிகாலையில் அம்மா வீட்டில் இருப்பாள். வருடத்தில் வேறெப்போதும் பிள்ளைக்குக் கிடைக்காத விடிகாலை அது. எனவே காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து பொங்கல் வரை எங்கள் கேட்கும் பருவம். புயல் வந்து பள்ளி மூடினாலும் கேட்பது நிற்காது. நிவாரண முகாமில் தங்கினாலும் அட்டைகள் கூடவே வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது நனைந்து கூழான புத்தகங்களைப் பார்த்த பிறகு, அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் வைக்கிறோம். தை பிறந்து அளம் திறந்த பிறகு வேலை மாலைக்கு மாறும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற இருளர் பிள்ளைகளுக்கு, போகும் இடத்துக்கே ஒரு கட்டு அட்டை கொடுத்தனுப்புவோம். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

நாங்கள் செய்ய மாட்டாதவையும் உண்டு. எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் சுவரில் ஒட்ட மாட்டோம். படிக்க வராத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க மாட்டோம். கேட்காமல் விட்டது பெரியவர்கள், தண்டனை பிள்ளைக்கா? வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம், அவர்கள் பிள்ளையின் நன்மையைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பிள்ளையும் மாலையில் எங்கள் பாய்க்கு வரலாம், முதலில் தமிழில் படிக்கப் பழகலாம். ஒரு மொழியில் எழுத்தின் சூட்சுமம் பிடிபட்டால் அடுத்த மொழிக்கு அது துணை நிற்கும்.

ஆசிரியர்களுக்கு எதிராக ஒரு சொல்லும் இதில் இல்லை. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில், ஒருவர் எமிஸ் இணையப் பதிவில் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் ஒருவர்தான். அவரிடம் முப்பது குரலைத் தனித்தனியாகக் கேளுங்கள் என்று சொல்வது சுலபம். ஆகவே அரசிடம் எங்கள் கோரிக்கை: தொடக்கப் பள்ளிகளில் காலை முதல் இரண்டு மணி நேரம் எந்தப் பதிவேடும், எந்தக் கைப்பேசிச் செயலியும், எந்தக் கணக்கெடுப்பும் ஆசிரியரைத் தொடக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு ஒரு ஆசிரியர் முழுநேரமும் இருக்க வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்து அரசே வெளியிட்ட சிறு கதைப் புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்காமல் பிள்ளையோடு வீட்டுக்குப் போக வேண்டும். கிழிந்தால் கிழியட்டும், கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் கணக்குக் கேட்கக் கூடாது.

இந்த இயக்கத்துக்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. இந்தப் பருவத்தில் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பொங்கலுக்குள் ஒரு பெயரை எழுதித் தருவார்கள். அதுவரை "கேக்கறவங்க" என்று ஊரில் சொல்கிறார்கள், அதுவே போதும்.

சேர விரும்புகிறவர்கள் கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை தடுமாறும்போது உடனே சொல்லிக் கொடுக்காமல் பத்து எண்ணும் நேரம் பொறுத்திருங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் குப்பத்துக்குக் குப்பம் கூடுகிறோம். பாய் கொண்டு வாருங்கள். மழை பெய்தால் கோயில் மண்டபம், கரண்ட் போனால் சார்ஜ் லைட். அட்டைகள் எங்களிடம் இருக்கின்றன; முதல் அட்டையில் மூன்று எழுத்து எழுதியிருக்கிறோம்.